'தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள்? சிங்கப்பூரில் விளையாட்டையே வேலையாக்கியவர்களுக்கு ஒரு காப்புறுதி வழிகாட்டி

காப்புறுதிப் படிவத்தின் முதல் பக்கத்தில், பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் கீழே, 'தொழில்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். என் அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது அதில் 'மாணவர்' என்று எழுதி ஒரு விபத்துக் காப்புறுதி எடுத்திருந்தான். இரண்டு வருஷம் கழித்து ஒரு காற்பந்துக் கழகம் அவனைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. அக்கா பாயசம் வைத்தாள், பெருமாள் கோயிலில் அர்ச்சனை செய்தாள். அந்தக் கட்டத்தை மாற்ற வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எட்டாவது மாதம், பயிற்சியில் பந்தை மறிக்கச் சட்டென்று திரும்பினான். உடம்பு திரும்பியது, செயற்கைப் புல்லில் ஊன்றிய பாதம் திரும்பவில்லை. முழங்காலின் முக்கியத் தசைநாரான ஏசிஎல் கிழிந்துவிட்டது.

காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. வருமானத்துக்காக ஆடும் விளையாட்டில் படும் காயம் இந்தத் திட்டத்தில் சேராது, தொழில் மாறியதையும் நீங்கள் தெரிவிக்கவில்லை. அவ்வளவுதான்.

"மாமா, இதுல நான் இன்னும் ஸ்டூடன்ட்டாவே இருக்கேன்" என்று கடிதத்தைக் காட்டிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு விளையாட்டுச் சங்கத்தில் ஐந்து வருஷமாக மற்ற பிள்ளைகளுக்கு இந்தத் தாள்களை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

எந்தக் காப்புறுதி நல்லது என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். நான் பதிலுக்குக் கேட்பது இது: காயம் பட்ட அந்த நிமிடம் நீங்கள் யாராக மைதானத்தில் நின்றீர்கள்? சம்பளம் வாங்கும் ஊழியராகவா, சொந்தமாகச் சம்பாதிப்பவராகவா, சங்கத்தின் சார்பில் போனவராகவா, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆடியவராகவா? யார் பில்லைக் கட்டுவார்கள் என்பது அதைப் பொறுத்தே முடிவாகிறது. கீழே உள்ள படிகளும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன.

படி 1: உங்கள் அடையாள அட்டை எந்த நிறம்?

சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவமனைக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. 2015 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் போட வேண்டியதில்லை. பழைய காயம், பழைய நோய் எதுவாக இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். சந்தாவை, மத்திய சேமநிதியில் மருத்துவத்துக்கென்று இருக்கும் மெடிசேவ் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அதன் விலக்குப் பட்டியலில் விளையாட்டுத் தொழில் என்று ஒரு வரி இல்லை, அது நல்ல செய்தி. ஆனால் அது அரசாங்க மருத்துவமனையின் பி2, சி வகுப்பு மானியப் படுக்கைகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதை மாட்டிக்கொண்டு தனியார் மருத்துவமனைக்குப் போனால் பில்லில் சிறு பகுதிதான் அடங்கும்.

வெளிநாட்டிலிருந்து ஆடவோ பயிற்சி கொடுக்கவோ வந்தவர் என்றால் மெடிஷீல்டு லைஃப் உங்களுக்கு இல்லை, மானியமும் இல்லை. இங்கே எல்லாம் வேலை அனுமதிச் சீட்டான பாஸைப் பொறுத்தது. எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட் வைத்திருப்பவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை 1 முதல் அதன் குறைந்தபட்ச அளவு ஆண்டுக்கு 60,000 வெள்ளி. முதல் 15,000 வெள்ளியைக் காப்புறுதி நிறுவனமே தரும். அதற்கு மேல் 60,000 வரை நிறுவனம் 75 விழுக்காடு, முதலாளி 25 விழுக்காடு. இது மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கும் ஒரே நாளில் முடியும் அறுவைச் சிகிச்சைக்கும்தான். வாரம் இரண்டு முறை பிசியோவுக்குப் போகும் செலவு இதில் வராது.

எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மேல்நிலை பாஸ், நல்ல சம்பளம், ஆகவே காப்புறுதியும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி முதலாளிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பூப்பந்துப் பயிற்றுநர் ஒருவர், வந்து ஏழு மாதம் கழித்து, "மெடிக்கல் கார்டு எப்ப சார் தருவாங்க?" என்று கேட்டார். ஒப்பந்தத்தைப் புரட்டினோம், அப்படி ஒரு கார்டே இல்லை. விமானம் ஏறும் முன் மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டிய பதில் அது. மனைவி, பிள்ளைகளை டிபென்டன்ட் பாஸில் அழைத்து வருகிறீர்கள் என்றால் அவர்களுக்கும் தனியாகக் கேளுங்கள்.

படி 2: ஒப்பந்தத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

ஓட்டக்காரர் சி. குணாளன் காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடியவருக்குப் பிழைப்பு ஆசிரியர் வேலை. பந்தை உதைப்பதே மாதச் சம்பளம் தரும் வேலையாவது 1996-ல் எஸ்-லீக் என்ற தொழில்முறைக் காற்பந்து லீக் வந்த பிறகுதான் இங்கே ஊன்றியது. இன்று காற்பந்து ஆட்டக்காரர், கலப்புத் தற்காப்புக்கலை வீரர், பூப்பந்துப் பயிற்றுநர், உபகாரச் சம்பளம் பெறும் தேசிய வீரர் என்று எல்லோரையும் 'தொழில்முறை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் கண்ணில் இவர்கள் ஒரே வகை இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது, உங்களை ஊழியராக வைத்திருக்கிறார்களா, இல்லை வேலையை மட்டும் செய்து கொடுக்கும் சுயதொழில்காரராக வைத்திருக்கிறார்களா என்பது. ஊழியர் என்றால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் உங்கள் பக்கம். 2019-ல் இயற்றி 2020 செப்டம்பர் 1-ல் நடப்புக்கு வந்த சட்டம் அது. குடிமகனா வெளிநாட்டவரா என்று பார்க்காது, சம்பளம் எவ்வளவு என்று பார்க்காது. தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையால், வேலை நேரத்தில் காயம் பட்டது என்றால் போதும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்திலிருந்து ஓராண்டு வரை, எது முன்னால் முடிகிறதோ அதுவரை. நிரந்தர இயலாமை என்றால் அதிகபட்சம் 346,000 வெள்ளி. மருத்துவ விடுப்பில் வெளிநோயாளியாக இருந்தால் முதல் 14 நாள், மருத்துவமனை விடுப்பு என்றால் முதல் 60 நாள் முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, ஓராண்டு வரை.

இந்தச் சட்டம் கட்டடத் தொழிலாளர்களுக்குத்தான் என்று பல ஆட்டக்காரர்கள் நினைக்கிறார்கள். சில கழக நிர்வாகிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதுதான் ஆபத்து. முதலாளி காப்புறுதி எடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பு முதலாளியுடையதே. "வேலையிடக் காயக் காப்புறுதியில் என் பெயர் இருக்கிறதா?" என்று சேரும்போதே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒப்பந்தத்தின் தலைப்பில் 'சுயதொழில்' என்று இருந்தால் மட்டும் நீங்கள் சுயதொழில்காரர் ஆகிவிடமாட்டீர்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எங்கே பயிற்சி, வேறு கழகத்துக்கு ஆடலாமா, உடுப்பும் கருவியும் யாருடையவை என்பதையெல்லாம் சேர்த்துத்தான் மனிதவள அமைச்சு பார்க்கும். நிஜமாகவே சுயதொழில் என்றால், உதாரணமாக ஒவ்வொரு சண்டைக்கும் தனித்தனியே கையெழுத்திடும் வீரர் என்றால், மேலே சொன்ன சட்டம் உங்களுக்கு உதவாது. போட்டி நடத்துபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மேடையில் படும் காயத்துக்குக் காப்புறுதி உண்டா? அந்தச் சண்டைக்காகச் செய்யும் ஆறு வாரப் பயிற்சியில் படும் காயத்துக்கு உண்டா? பெரும்பாலான காயங்கள் பயிற்சியில்தான் வருகின்றன. அப்புறம், ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் சுயதொழில்காரர் மெடிசேவ் கணக்கில் பணம் போட்டாக வேண்டும். அதைத் தண்டமாக நினைக்காதீர்கள். பின்னால் அறுவைச் சிகிச்சைக்குக் கை கொடுப்பது அந்தப் பணம்தான்.

காற்பந்துக்காரர்களுக்கு இன்னொன்று. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதக் கூடாது என்பது ஃபிஃபா விதி. அதனால் கழகங்கள் கையெழுத்துக்கு முன்பே பரிசோதனையை முடித்துவிடும். அந்த அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். சேரும் நாளில் உங்கள் முழங்கால் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. என் அக்கா மகனிடம் அந்த நகல் இல்லை, கேட்டால் தருவார்கள் என்றே அவனுக்குத் தெரியாது.

படி 3: மருத்துவமனைப் பில்லுக்கு எந்தத் திட்டம்?

மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் மாடி கட்டுவதுதான் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம். ஏஐஏ, கிரேட் ஈஸ்டர்ன், எச்எஸ்பிசி லைஃப், இன்கம், புருடென்ஷியல், ராஃபிள்ஸ், சிங்லைஃப் என்று ஏழு நிறுவனங்கள் விற்கின்றன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இதன் கூடுதல் சந்தாவில் ஒரு பகுதியை மெடிசேவிலிருந்து கட்டலாம். அடுத்த பிறந்தநாளில் 40 வயது வரை உள்ளவர்களுக்கு அந்த வரம்பு ஆண்டுக்கு 300 வெள்ளி, 41 முதல் 70 வரை 600 வெள்ளி. ரைடர் என்று சொல்லும், பில்லில் உங்கள் பங்கைக் குறைக்கும் துணைத் திட்டத்துக்குக் கைக்காசுதான்.

விளையாட்டாளருக்கு நான் சொல்லும் ஒரே அவசரம் இதில்தான். காயம் படுவதற்கு முன்னால் எடுங்கள். மெடிஷீல்டு லைஃப் பழைய காயத்தை ஏற்கும், ஷீல்டு திட்டத்தின் கூடுதல் பகுதி ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. பத்தொன்பது வயதில் முழு உடம்போடு விண்ணப்பித்தால் முழு உடம்பையும் எடுத்துக்கொள்வார்கள். ஒரு முறை அறுவைச் சிகிச்சை ஆன பிறகு போனால், 'வலது முழங்கால் தவிர' என்று ஒரு வரியைச் சேர்த்துக் கொடுப்பார்கள். காற்பந்து ஆடுபவருக்கு வலது முழங்கால் தவிர்த்த காப்புறுதி எதற்கு?

ஆனால் விண்ணப்பத்தில் பழைய காயத்தை மறைக்காதீர்கள். தெரிந்த எல்லாவற்றையும் முழுமையாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் திட்டமே செல்லாமல் போகலாம் என்று படிவத்திலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். பள்ளி நாளில் கணுக்கால் சுளுக்கி இரண்டு வாரம் கட்டுப் போட்டதைக்கூட எழுதுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். தனியார் மருத்துவமனையில் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு 20,000 வெள்ளி பில் என்று வைத்துக்கொள்வோம். உள்நோயாளியாகத் தங்கினீர்கள், ரைடர் இல்லை. பெரும்பாலான தனியார் மருத்துவமனைத் திட்டங்களில் முதல் 3,500 வெள்ளி உங்கள் பொறுப்பு. இதை டிடக்டிபிள் என்பார்கள். மீதி 16,500-ல் 10 விழுக்காடு, அதாவது 1,650 வெள்ளி, அதுவும் உங்களுடையது. மொத்தம் 5,150. இதில் ஒரு பகுதியை வரம்புக்கு உட்பட்டு மெடிசேவிலிருந்து எடுக்கலாம். ரைடர் எடுத்தால் ஒரு காசும் கட்ட வேண்டாம் என்ற காலம் மலையேறிவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கும் புதிய ரைடர்கள் குறைந்தபட்ச டிடக்டிபிளைத் தாங்கக் கூடாது, நீங்கள் பகிர்ந்து கட்ட வேண்டிய தொகையின் ஆண்டு உச்சவரம்பும் 3,000 வெள்ளியிலிருந்து 6,000 ஆகியிருக்கிறது. அதற்குப் பதிலாகப் புதிய ரைடர்களின் சந்தா பழையவற்றைவிடக் குறைவு. அண்ணன் வைத்திருக்கும் பழைய ரைடரை மனத்தில் வைத்துக்கொண்டு தம்பிக்கு எடுக்காதீர்கள், இரண்டும் வேறு வேறு.

தனியார் திட்டம் எடுத்தே ஆக வேண்டுமா? என் கருத்து: இளம் ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு அரசாங்க மருத்துவமனை ஏ வகுப்புத் திட்டமே போதும். விளையாட்டு மருத்துவத்தில் நம் அரசாங்க மருத்துவமனைகள் இளைத்தவை அல்ல. சாங்கி பொது மருத்துவமனையிலும் கூ டெக் புவாட் மருத்துவமனையிலும் அதற்கென்றே தனி நிலையங்கள் இருக்கின்றன. மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். நேராக நிபுணரிடம் போய் நின்றால் மானியம் கிடைக்காது. தனியாரின் கவர்ச்சி வேகம்தான். லீக் நடந்துகொண்டிருக்கும்போது ஸ்கேனுக்குக் காத்திருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்று எனக்குத் தெரியும். அந்த வேகத்துக்கு ஆயுள் முழுக்க ஏறிக்கொண்டே போகும் சந்தாவைக் கட்ட முடியுமா என்று யோசித்து எடுங்கள்.

வாங்கும் முன் ஆவணத்தில் 'பொது விலக்குகள்' என்ற பக்கத்தைத் திறந்து, தொழில்முறை விளையாட்டு பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் வாசகம் மாறும். "அதெல்லாம் கவர் ஆகும்ணே" என்று முகவர் குரல் பதிவில் சொல்வதைக் கேட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள். 'நான் சம்பளத்துக்கு ஆடும் காற்பந்து ஆட்டக்காரர், பயிற்சியிலும் போட்டியிலும் படும் காயத்துக்கு இந்தத் திட்டம் பணம் தருமா?' என்று மின்னஞ்சலில் கேட்டு, நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் உரிமம் பெற்றவர்தானா என்பதை சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினாலே தெரிந்துவிடும்.

படி 4: விபத்துக் காப்புறுதியில் உள்ள பொறி

மலிவாகக் கிடைப்பதாலும் வேகமாகப் பணம் வருவதாலும் விளையாட்டுப் பிள்ளைகள் முதலில் எடுப்பது தனிநபர் விபத்துக் காப்புறுதிதான். பொறியும் இதில்தான் இருக்கிறது. தொழில்முறையாகவோ வருமானம், பரிசுப்பணம் கிடைக்கும் வகையிலோ விளையாடும்போது படும் காயத்துக்குப் பணம் இல்லை என்று ஏராளமான திட்டங்களில் எழுதியிருக்கும். 'கிடைக்கும்' என்று இல்லாமல் 'கிடைக்கக்கூடிய' என்று இருந்தால் இன்னும் கவனம். வார இறுதியில் நடக்கும் ஐவர் காற்பந்துப் போட்டிக்கு 500 வெள்ளி பரிசு வைத்தால் அதுகூட உள்ளே வந்துவிடலாம்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே வாரத்தில், ஏற்கெனவே உள்ள எல்லாத் திட்டத்துக்கும் தொழில் மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். சந்தாவைக் கூட்டுவார்கள், விளையாட்டுக் காயத்தை விலக்குவார்கள், அல்லது திட்டத்தையே முடித்துக்கொள்வார்கள். மூன்றுமே கசப்புதான். கிழிந்த முழங்காலோடு சோபாவில் படுத்துக்கொண்டு படிக்கும் கடிதத்தைவிட அது தேவலாம். அப்புறம் கழகத்திடமோ சங்கத்திடமோ போய், விளையாட்டாளர்களுக்கென்று குழு விபத்துக் காப்புறுதி இருக்கிறதா, அதில் பயிற்சி நேரம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒற்றை ஆளாகக் கிடைக்காதது குழுவாகக் கேட்டால் கிடைக்கும்.

இழப்பீட்டு அட்டவணையையும் ஒரு முறை பாருங்கள். கை போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு என்று இருக்கும். தசைநார் கிழிந்து ஒன்பது மாதம் ஆட முடியாமல் போவது அந்த அட்டவணையில் பெரும்பாலும் இருக்காது. மிச்சம் இருப்பது சில ஆயிரம் வெள்ளி மருத்துவச் செலவு வரம்புதான். பதிவுபெற்ற பாரம்பரிய சீன வைத்தியரிடம் போனால் அதில் ஒரு சிறு தொகை தரும் திட்டங்கள் உண்டு. தேக்காவில் எண்ணெய் போட்டு நீவி விடுபவரிடம் போய் வந்த செலவைக் கேட்டுப் பயனில்லை. நீவுவதால் சுகம் இருக்கலாம், பில்லாகாது. கிழிந்த தசைநாரை நீவவும் கூடாது, அது வேறு கதை.

படி 5: சம்பளம் நின்றால்?

மருத்துவமனைப் பில்லைவிட வீட்டைச் சாய்ப்பது இதுதான். ஊழியர் என்றால் படி 2-ல் சொன்ன சட்டம் ஓராண்டு தாங்கும். சுயதொழில்காரருக்கு வருமான இழப்புக் காப்புறுதி என்று தனியாக உண்டு, ஆனால் விளையாட்டாளருக்கு விற்கத் தயங்குவார்கள். அரசாங்கத்தின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃபை நம்பாதீர்கள். அது 30 வயதிலிருந்து தொடங்குவது, கடுமையான உடற்குறைக்கானது. குளிக்க, உடுத்த, உண்ண, நடக்க என்பது போன்ற ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாத நிலை வந்தால்தான் பணம் வரும். ஏசிஎல் கிழிந்தவர் ஊன்றுகோலோடு தானே போய்க் குளிப்பார்.

தேசிய அணிக்கு ஆடும்போது காயம் பட்டால் ஃபிஃபா பணம் தரும் என்று உடைமாற்றும் அறையில் ஒரு பேச்சு உண்டு. அது கழகத்துக்கு. காயம் 28 நாளுக்கு மேல் நீடித்தால், ஆட முடியாத ஆட்டக்காரருக்குக் கழகம் கட்டும் சம்பளத்தை ஈடுகட்டும் திட்டம் அது. உங்கள் மருத்துவச் செலவுக்கு அதிலிருந்து எதுவும் வராது.

படி 6: கடல் தாண்டும்போது

ஜொகூருக்குப் பேருந்தில் போய் ஒரு நட்புமுறை ஆட்டம் ஆடிவிட்டு வந்தாலும் அது வெளிநாடுதான். விமானச் சீட்டோடு சேர்த்து விற்கும் பயணக் காப்புறுதி உல்லாசப் பயணத்துக்கானது, தொழில்முறை விளையாட்டை விலக்கும் அதே வரி அங்கேயும் இருக்கும். மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. சங்கம் குழுப் பயணக் காப்புறுதி எடுத்திருந்தால், அதன் எண்ணையும் 24 மணி நேர அவசரத் தொலைபேசி எண்ணையும் படம் பிடித்துக் கைப்பேசியில் வையுங்கள். மேலாளரிடம் இருக்கிறது என்று விடாதீர்கள். மேலாளர் மைதானத்தில் இருப்பார், நீங்கள் ஆம்புலன்சில் இருப்பீர்கள்.

படி 7: காயம் பட்ட நாள்

இங்கேதான் நல்ல காப்புறுதி இருந்தும் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதல் மருத்துவர் எழுதும் குறிப்புதான் கடைசிவரை உங்களோடு வரும். அவசரச் சிகிச்சைப் பிரிவில் இரவு பத்து மணிக்கு, வலியில், பேச்சுவாக்கில், "கொஞ்ச நாளாவே லேசா வலி இருந்துச்சு டாக்டர்" என்று சொல்லிவிடுவீர்கள். அவர் 'சில வாரங்களாக முழங்கால் வலி' என்று எழுதுவார். மூன்று மாதம் கழித்துக் காப்புறுதி அலுவலர் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார்: இது புதிய காயமா, பழையதா? பொய் சொல்லச் சொல்லவில்லை. துல்லியமாகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எந்த மைதானத்தில், பயிற்சியிலா ஆட்டத்திலா, எந்தப் பக்கம் திரும்பியபோது, 'டப்' என்று சத்தம் கேட்டதா, எவ்வளவு நேரத்தில் வீங்கியது. முன்பு இருந்த வலி தொடையில் என்றால் தொடை என்றே சொல்லுங்கள், 'கால் வலி' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள்.

அன்றைக்கே பயிற்றுநருக்கும் மேலாளருக்கும் எழுத்தில் ஒரு தகவல் அனுப்புங்கள், வாட்ஸ்அப் போதும். பயிற்சியைப் படம் பிடித்திருந்தால் அந்தத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். எம்சி எனும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் வாங்கினால் கழகம் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு விபத்திலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. 'கழகத்தோடு எதுக்கு மனஸ்தாபம்' என்று இழுத்தடித்து அந்த ஓராண்டைக் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சண்டை இல்லை, சட்டம் தரும் உரிமை.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் ஷீல்டு நிறுவனத்திடம் முன் அனுமதி வாங்குங்கள். மருத்துவர் அவர்களுடைய பட்டியலில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். பட்டியலுக்கு வெளியே போனால் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு கூடலாம். பிசியோ செலவு, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய சிகிச்சை என்ற தலைப்பில் பல திட்டங்களில் கிடைக்கும். அதற்கு மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், குறித்த காலத்துக்குள் முடிக்கவும் வேண்டும். கழகத்தின் பிசியோ சொன்னார் என்று நீங்களாகப் போன ஆறு அமர்வுக்குப் பணம் கேட்டால் கைவிரிப்பார்கள்.

காப்புறுதிக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பட்டியல் மருத்துவர் எல்லோரும் விளையாட்டு மருத்துவர் அல்லர். நீங்கள் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்டவர் என்று முதலிலேயே சொல்லுங்கள். வீக்கத்துக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிகளை 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்திருக்கிறார்கள். ஊசி தேவைப்பட்டால் விதிவிலக்கு அனுமதி பற்றி ஆன்டி டோப்பிங் சிங்கப்பூரிடம் கேளுங்கள். பில்லைக் காப்புறுதி கட்டிவிடும், தடையை யாராலும் கட்ட முடியாது.

ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்க முடியாது. கழகத்தின் குழுக் காப்புறுதியும் உங்கள் ஷீல்டு திட்டமும் சேர்ந்து பில் தொகை வரைதான் தரும். அதனால் அசல் ரசீதுகளைக் கழகத்திடம் கொடுக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்துக்கு இன்னொரு இடத்தில் கேட்கத் தேவைப்படும்.

படி 8: மறுத்துவிட்டால்

எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்யுங்கள். அதிலும் இறங்கி வராவிட்டால் ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை. அக்கா மகன் விஷயத்தில் நாங்கள் அங்கே போகவில்லை. விலக்கு வரி தெளிவாக இருந்தது, தவறு எங்கள் பக்கம். அவனுக்கு அறுவைச் சிகிச்சைச் செலவு வந்தது வேலையிடக் காயச் சட்டத்தின் வழியாக. அதற்கும் கழக அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தோம். மூன்றாவது முறை, அவன் பெயர் உள்ள சம்பளச் சீட்டையும் பயிற்சி நேர அட்டவணையையும் மேசையில் வைத்த பிறகுதான் படிவம் நகர்ந்தது.

ஒப்பந்தம் முடியும் மாதம்

கழகத்தின் குழுக் காப்புறுதி நீங்கள் விலகும் நாளோடு நின்றுவிடும். பல ஒப்பந்தங்கள் பருவத்தோடு முடிகின்றன, அடுத்த கழகம் கிடைக்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அந்த இடைவெளியில்தான் தனியாக ஓடிப் பயிற்சி செய்வீர்கள். அதனால் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே மூன்று வேலை செய்யுங்கள். இன்னும் ஆறாத காயம் இருந்தால் மருத்துவரிடம் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள், வேலையில் இருந்தபோது பட்ட காயத்துக்கான கோரிக்கை விலகிய பிறகும் செல்லும். ஷீல்டு திட்டத்தின் சந்தா மெடிசேவிலிருந்து தடையின்றிப் போகிறதா என்று சிங்பாஸ் வழியாக மத்திய சேமநிதிக் கணக்கைத் திறந்து பாருங்கள். வெளிநாட்டவர் என்றால் பாஸ் ரத்தாகும் தேதியும் காப்புறுதி முடியும் தேதியும் ஒன்றுதானா என்று கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அறுவைச் சிகிச்சை பாக்கி இருந்தால், பாஸை ரத்து செய்யும் முன்னாலேயே அதைப் பற்றி மனிதவள அமைச்சிடம் பேசிவிடுங்கள்.